மூன்றாவது தடவை

அக்காவின் குடையைத் திருப்பிப் பார்த்தால் கைப்பிடிக்கு அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் இரண்டு எழுத்து இருக்கும். அவள் பேரின் முதலெழுத்து ஒன்று, அவள் அப்பா பேரின் முதலெழுத்து ஒன்று. குடையில் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளி, டிபன் டப்பாவின் மூடி, கால்குலேட்டர், மிக்ஸி ஜார், செருப்பின் உட்பக்கம், சீப்பு எல்லாவற்றிலும் இருக்கும். சீப்பை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரும் தூக்கினு போவ மாட்டாங்க தம்பி. ஆனா என்னுதுன்னு அதுக்குத் தெரியணும்ல?" என்றாள்.

சீப்புக்குத் தெரிய வேண்டுமாம். நகத்தில் அவள் பாலிஷ் பூசி நான் பார்த்ததே இல்லை. வருஷத்துக்கு ஒரு பாட்டில் இந்த வேலைக்கே தீர்ந்துவிடும். அவள் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அதுவும் அவள் பொருள், கேட்காமல் எடுத்தேன் என்றால் சும்மா விட மாட்டாள்.

கோலார் தங்கச் சுரங்கங்கள் இருந்த ஊரில், ஆண்டர்சன்பேட்டை பஜாரில் எனக்கு லேப்டாப், மொபைல் சர்வீஸ் கடை. இப்போதும் இருக்கிறது, முன்பு போல ஓடுவதில்லை. அக்கா முதன்முதலில் வந்தது ஒரு சார்ஜர் வாங்க. வாங்கி, பையில் போட்டு, "பில்லு" என்றாள். ஆண்டர்சன்பேட்டையில் சார்ஜருக்கு யார் பில் கேட்பார்கள்? துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கடைப் பேர் இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள். ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தேன். நம்பர் இல்லை என்றாள். இரண்டு பேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள், அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கடைசியில் அவளுக்காகவே பில் புத்தகம் அச்சடித்தேன். முதல் பில் அவளுக்குத்தான். அதை வாங்கிப் படித்துவிட்டு, "இப்பதான் நீ கடக்காரன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவளுக்கு ஏன் இந்தப் பித்து என்று புரிய பக்கத்திலிருக்கும் பாலகாட்டில் அவள் வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. கதவு நிலையில் கம்பெனி நம்பர், இரும்புக் கட்டிலின் காலில் கம்பெனி முத்திரை. அவள் சின்னவளாக இருந்தபோது பல்பு ஃபியூஸ் போனால் பழைய பல்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புதுசு கிடைக்குமாம். சுரங்கத்தை மூடி இத்தனை வருஷம் ஆகியும் அந்த வீடு அவர்கள் பேருக்கு வரவில்லை. இருந்துகொள்ளலாம், பெருக்கலாம், வெள்ளையடிக்கலாம், ஆனால் அவர்களுடையது இல்லை. அந்த மாதிரி வீட்டில் பிறந்தவள் சீப்பில் எழுத்துப் போடுவதில் என்ன ஆச்சரியம்?

அவள் டிப்ளமா முடித்தவள், எலக்ட்ரிகல். மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறி பெங்களூரு போய், ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் வயரிங் படம் வரைந்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புவாள். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அந்தக் காலத்தில் ஷிஃப்ட்டுக்குக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் போனார்கள், இப்போது ரயிலில் ஏறிப் போகிறார்கள். அக்காவுக்கு ஒரே ஒரு குறி இருந்தது. அரசாங்க ஜூனியர் இன்ஜினியர் பரீட்சை. ஏற்கெனவே இரண்டு தரம் எழுதிக் கோட்டை விட்டிருந்தாள். வயசு வரம்புப்படி இன்னும் ஒரே ஒரு தரம் எழுதலாம்.

கணக்கும் கரண்ட்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இடித்தது கன்னடம். சிரிப்பு வருகிறதா? நாங்கள் எல்லோருமே கன்னடம் பேசுவோம். காய்கறிக்காரரிடம், கண்டக்டரிடம், போலீஸிடம் சரளமாகப் பேசுவோம். ஆனால் பரீட்சைக் கன்னடம் வேறு. அது புத்தகக் கன்னடம், அதற்கு இலக்கணம் உண்டு, கடிதம் எழுதச் சொல்வார்கள், பத்தியைச் சுருக்கச் சொல்வார்கள். தமிழ் மீடியத்தில் படித்த அக்காவுக்கு அங்கேதான் மார்க் போய்க்கொண்டிருந்தது.

அதற்காக பெங்களூரில் ஒரு கோச்சிங் கம்பெனி விற்ற வீடியோ பாடங்களை வாங்கினாள். அறுபது பாடம், ஒரு பென் டிரைவில். லேப்டாப்பில் போட்டு, அவர்கள் கொடுத்த சாஃப்ட்வேரில் திறந்தால்தான் ஓடும். அதுவும் ஒரே ஒரு லேப்டாப்பில்தான். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று தடவை பார்க்கலாம். மூன்று முடிந்தால் அந்தப் பாடம் பூட்டிக்கொள்ளும்.

சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். "மூணு வாட்டிதானாக்கா?" என்று கேட்டேன்.

"பில்லுல அப்டிதான் போட்டுக்கீது. மூணு வாட்டின்னா மூணு வாட்டி. அது என்னுது" என்றாள்.

முதல் பாடம் ஓடியபோது திரையில் அவள் பேரும் போன் நம்பரும் மங்கலாகத் தெரிந்தன. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தன. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியா தம்பி? என் பேரு போட்டே குடுத்துக்கீறாங்க."

அது எதற்கு என்று எனக்குத் தெரியும். யாராவது பாடத்தைப் படம் பிடித்து வெளியே விட்டால், எந்த ஆளிடமிருந்து போனது என்று பிடிப்பதற்காகப் போடுவது. ஆளைச் சந்தேகப்பட்டு முன்கூட்டியே குத்தும் முத்திரை. அவள் அதைத் தன் நெயில் பாலிஷ் எழுத்து மாதிரி நினைத்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ரயிலில்தான் அவள் பாடம் பார்த்தாள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. முதல் தடவை பார்ப்பது கன்னடத்துக்கு, இரண்டாவது தடவை விஷயத்துக்கு. மூன்றாவது தடவையைத் தொடவே இல்லை. பரீட்சைக்கு முந்தைய மாசத்துக்கென்று அறுபது பாடத்துக்கும் மூன்றாவது தடவையை அப்படியே வைத்திருந்தாள். ஊறுகாய் ஜாடியைப் பரண் மேல் வைப்பது போல வைத்திருக்கிறாளே என்று நான் கிண்டல் செய்வேன். "சிரி சிரி. கடசி மாசம் பாரு, ஒருத்தனும் எங்கிட்ட நிக்க முடியாது" என்பாள்.

அதே ரயிலில் நாலைந்து இளவட்டங்கள் அதே பரீட்சைக்குப் படித்தார்கள். அவர்களிடம் இதே அறுபது பாடமும் பூட்டில்லாமல் இருந்தது. எவனோ பூட்டை உடைத்துப் போன் குரூப்பில் போட்டுவிட்டான். எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம், போனிலும் பார்க்கலாம். "அக்கா, காசில்லாம சும்மாவே கெடைக்குதே, எதுக்கு எண்ணி எண்ணிப் பாக்கறீங்க?" என்று அவளையே கேட்டார்கள். அவள் அந்தக் கதையை என் கடையில் வந்து சொன்னாள், திட்டிக்கொண்டே.

"எங்க நைனாவ ஒவ்வொரு நாளும் சோதனை போட்டுதான் ஷாஃப்ட்டாண்ட இருந்து வெளிய உட்டாங்க. சோத்து டப்பாவத் தட்டிப் பாப்பாங்க. பூட்ஸக் கயட்டச் சொல்லுவாங்க. வாயத் திறக்கச் சொல்லுவாங்க தம்பி, வாய! தங்கம் வச்சிக்கினு போறானான்னு. அந்த ஆளு பொண்ணு நானு. திருட்டுப் பொருளு ஒரு குண்டூசி என் கையில இருக்கக் கூடாது. என்ன யாரும் சோதனை போடக் கூடாது."

நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் கடைக் கம்ப்யூட்டர் முழுக்கத் திருட்டுப் படமும் பாட்டும்தான். மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பதில்தான் என் வாடகையே ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் தெரியும். கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த 'பாட்டு, படம் ஏற்றித் தரப்படும்' என்ற காகிதத்தை வரும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

என் அப்பா இங்கே இருக்கும் கனரக இன்ஜினியரிங் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆயுத பூஜை வந்தால் அங்கே மெஷினுக்குச் சந்தனம் வைப்பதற்கு முன்னால் மெஷினைப் பிரித்துவிடுவார்கள். அழுக்கெடுத்து, எண்ணெய் போட்டு, தேய்ந்த பார்ட் எதுவோ அதைக் கழற்றிப் புதுசு போடுவார்கள். அப்புறம்தான் பொட்டு, பூசணிக்காய், பொரி எல்லாம். தேய்ந்த பார்ட்டோடு மெஷினுக்குப் பொட்டு வைத்தால் அது பூஜை இல்லை, ஏமாற்று என்பார் அப்பா. என் கடையிலும் நான் அதையே செய்தேன். பழகிய வாடிக்கையாளர்கள் அன்றைக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். சும்மா சர்வீஸ் செய்து, தேய்ந்தது ஏதாவது இருந்தால் மாற்றி, பொட்டு வைத்து மறுநாள் கொடுப்பேன். காசு வாங்க மாட்டேன்.

அந்த வருஷம் அக்காவும் வைத்துவிட்டுப் போனாள். திறந்து பார்த்தால் உள்ளே ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தம். இன்றைக்கோ, அடுத்த மாசமோ, பரீட்சைக்கு முந்தின நாளோ. என்னிடம் ஒரு புது டிஸ்க் இருந்தது, வேகமானது. போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் இலவசமாக வேண்டாம் என்பாள், அப்புறம் பில் போடு என்பாள், அது பெரிய வாக்குவாதமாகப் போகும். நாமே மாற்றிவிடுவோம், நாளைக்கு லேப்டாப் பறப்பதைப் பார்த்து அசந்து போவாள் என்று நினைத்தேன். பழைய டிஸ்க்கில் இருந்ததை ஒரு எழுத்துக்கூட விடாமல் புதுசுக்கு மாற்றினேன். மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ரொம்ப நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு பொரி தின்றேன்.

மறுநாள் வாங்கிக்கொண்டு போனவள், அதற்கடுத்த நாள் ரயிலில், மூன்றாவது தடவைகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று சாஃப்ட்வேரைத் திறந்திருக்கிறாள். பாடம் ஒன்றும் வரவில்லை. நகலெடுக்கும் முயற்சி கண்டுபிடிக்கப்பட்டது, உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது என்று திரையில் வந்தது. அன்றைக்கு ஆபீசுக்குப் போகாமல் அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்தாள். கடை வாசலில் நின்று, "இன்னா பண்ண?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பூட்டு, டிஸ்க்கின் நம்பரைப் பார்த்துத்தான் திறக்கும். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தொழிலே அதுதானே. பழைய டிஸ்க்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிரயோஜனமில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டரில் அவள் பேருக்கு நேராகத் திருட்டு என்று பதிவாகிவிட்டது.

என் கடையிலிருந்தே கம்பெனிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பையன், நல்ல மரியாதையான குரல். அவள் எல்லாவற்றையும் கன்னடத்தில் விளக்கினாள், ஆயுத பூஜை வரைக்கும். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னதன் சாரம் இதுதான். நீங்கள் வாங்கியது பாடம் இல்லை மேடம், பார்ப்பதற்கான அனுமதி. பாடம் கம்பெனியுடையது. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்ற நிபந்தனைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டுதான் சாஃப்ட்வேரைப் போட்டிருக்கிறீர்கள்.

ஒப்புக்கொண்டது நான். படிக்காமல் பட்டனைத் தட்டியது என் விரல். பில்லில் புள்ளி விட்டுப்போனால்கூடக் கண்டுபிடிக்கும் அக்காவுக்கு, அப்படி ஒரு நிபந்தனை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எம் பேரு போட்டுதானே குடுத்தீங்க?" என்றாள் அவள்.

அது எதற்காகப் போட்டது என்று அந்தப் பையன் விளக்கினான். அதே மரியாதையோடு. நான் சொல்லாமல் விட்டதை அவன் சொன்னான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பழைய டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் ஒரு மெயில் வந்தது. அனுமதியைத் திரும்பத் தருவதைப் பற்றி யோசிக்கிறோம், ஆனால் இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒன்று, லேப்டாப்பையும் அது இருக்கும் அறையையும் சுற்றிக் காட்டி, வேறு கம்ப்யூட்டரோ டிஸ்க்கோ இல்லை என்று வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு, 'அனுமதியின்றி நகலெடுக்க முயன்றதை ஒப்புக்கொள்கிறேன், மன்னிக்கவும், இனி செய்ய மாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

நான் கெஞ்சினேன். "போட்டுடுங்கக்கா. வெறும் காயிதம்தானே? நமக்கு அறுபது பாடம் வேணும். பரீட்சை முடிஞ்சதும் அவன யாரு பாக்கப் போறா?"

அப்போதுதான் அவள் அப்பாவின் இன்னொரு கதை வெளியே வந்தது. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து ஏறி வந்தவரின் பூட்ஸ் அடியில் ஒரு கல் ஒட்டிக்கொண்டிருந்தது. கொட்டைப்பாக்கு அளவுக் கல். தங்கம் இருந்ததா இல்லையா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போடு, விட்டுவிடுகிறோம் என்றார்களாம். அவரும் வம்பு வேண்டாம் என்று போட்டுக் கொடுத்தார்.

"அன்னிலேர்ந்து மைன் மூடற வரைக்கும் எங்க நைனாவ மட்டும் லைன்லேர்ந்து தனியா நிக்க வச்சி ரெண்டு வாட்டி சோதனை போட்டாங்க. மத்தவங்க எல்லாம் போவ சொல்லோ பாத்துக்கினே போவாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டா, அதான் நீயே எழுதிக் குடுத்துக்கீறியேன்னாங்க." அக்கா மெயிலை மூடினாள். "நான் எழுதிக் குடுக்க மாட்டேன் தம்பி."

அடுத்த நாள் நானே ரயிலடிக்குப் போய் அந்த இளவட்டங்களிடம் கேட்டு, பூட்டில்லாத அறுபது பாடத்தையும் ஒரு பென் டிரைவில் வாங்கி வந்தேன். அக்கா வந்ததும் மேசையில் வைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஓடுதா?"

"ஓடுதுக்கா. எத்தன வாட்டி வேணும்னாலும் ஓடும்."

"வாங்கினவளுக்கு மூணு வாட்டி. வாங்காதவனுக்கு எத்தன வாட்டி வேணும்னாலும்." சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. பென் டிரைவைத் திரும்ப மேசையில் வைத்தாள். "இத எடுத்துக்கினா அவன் சொன்னது நெசமாயிடும்."

எனக்குச் சரியான எரிச்சல். இந்த வீம்பு எதற்கு என்று சத்தம்கூடப் போட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவை வளைந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்றைக்கு யோசித்தால், அன்று அவளைத் திட்டியதில் பாதி என் தப்பை மறைக்கத்தான்.

கோலாரில் நுகர்வோர் கோர்ட்டில் மனு போட்டாள். வக்கீல் இல்லை. தானே எழுதினாள், கன்னடத்தில். இரண்டு தடவை பார்த்த பாடம் அதற்காவது உதவியது. பில், மெயில், திரையில் வந்த அறிவிப்பின் போட்டோ எல்லாம் வரிசையாகக் குத்தி வைத்திருந்தாள். முதல் வாய்தாவில் கம்பெனி வக்கீல், இவர் நகலெடுத்தார் என்று ஒரே பிடியாக நின்றாராம். நீதிபதி அக்காவிடம் கேட்டிருக்கிறார், டிஸ்க்கை மாற்றியது யார்? அந்த ஆளை அடுத்த வாய்தாவுக்குக் கூட்டி வாருங்கள், அவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் வழக்கு முடிவதற்கு முன்பே பாடத்தைத் திறந்துவிடச் சொல்வதைப் பற்றிப் பார்க்கலாம் என்றாராம்.

அடுத்த வாய்தாவுக்கும் பரீட்சைக்கும் நடுவில் ஐந்து வாரம் இருந்தது. அக்கா ஓட்டமாக வந்து சொன்னாள். பல நாள் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது. "நீ வந்து உள்ளத சொல்லு, போதும். நான் மாத்துனேன், ஆயுத பூஜைக்கு மாத்துனேன், காப்பி எடுக்கல. அவ்ளோதான்." வருகிறேன் என்றேன். கட்டாயம் வருகிறேன் என்றேன்.

போகவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். "நீ போய் நின்னா உன் கடப் பேரு கேப்பான், அட்ரஸ் கேப்பான். அப்பால அந்த வக்கீலு உன் கம்ப்யூட்டர்ல இன்னா கீதுன்னு பாக்கணும்பான். தேவையா?" அதுவே போதுமாக இருந்தது எனக்கு. அன்று காலை போனை அணைத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் என்று வீட்டிலும் சொன்னேன். கோலார் கோர்ட் வராந்தாவில் அக்கா மத்தியானம் வரை நின்றிருக்கிறாள். போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சாயங்காலம் போனைத் திறந்தபோது அவள் அழைத்தது இருபதுக்கும் மேல். வழக்கை இரண்டு மாசம் தள்ளி வைத்துவிட்டார்கள்.

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கடைக்கே வரவில்லை. ஒரு வாரம் கழித்து பஜாரில் எதிர்ப்பட்டபோது, "ஒடம்பு இப்ப எப்டி கீது?" என்று கேட்டாள். நம்பித்தான் கேட்டாளா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை.

பரீட்சையை எழுதினாள். நோட்டில் எழுதி வைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினாள். பட்டியல் வந்தது, அவள் பேர் இல்லை. ரயிலில் காசில்லாமல் பார்த்த இளவட்டங்களில் ஒருவன் பேர் இருந்தது. அந்த மூன்றாவது தடவையும் பார்த்திருந்தால் தேறியிருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. தேறியிருக்க மாட்டாள் என்றும் யாராலும் சொல்ல முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு மாசம் தள்ளி வைத்த அந்த வாய்தாவுக்கு நான் போனேன். முந்தின நாள் கடைக் கம்ப்யூட்டரை முழுக்க அழித்துவிட்டு, கண்ணாடியில் இருந்த காகிதத்தையும் கிழித்துவிட்டுத்தான் போனேன். என்னிடம் ஐந்து நிமிஷம்கூடக் கேட்கவில்லை. கடையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆயுத பூஜையா, சரி என்றார் நீதிபதி. கம்பெனி வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகவா நான் அன்றைக்குப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டேன்?

அக்கா ஜெயித்துவிட்டாள். விற்றதை விற்றபடி அனுபவிக்க விட வேண்டும், மீதியிருக்கும் தடவைகளைத் திறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பு. கம்பெனியும் மேலே போகாமல் திறந்துவிட்டது. அறுபது பாடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை. தீர்ப்பு கைக்கு வந்தபோது அவள் வயசு வரம்பைத் தாண்டிச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

கடைசியாக அவளைப் பார்த்தது காலை ரயிலில். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் லேப்டாப், காதில் ஹெட்போன், கையில் பேனா. எதிர் சீட் காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். திரையில் கன்னட வாத்தியார் போர்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், நாளைக்கே பரீட்சை என்பது போல, ஒரு வரி விடாமல். பங்காருப்பேட்டை வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்குத் தாங்கவில்லை.

"இன்னாத்துக்குக்கா இன்னும்? வயசுதான் தாண்டிப்போச்சே."

ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் எடுத்தாள்.

"நாப்பத்தி ரெண்டு முடிஞ்சிது. இன்னும் பதினெட்டு கீது" என்றாள். "வாங்கினேன்ல? பாக்காம உட்டா கம்பெனிக்கே போயிடும்."

சொல்லிவிட்டு ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். பிறகு லேப்டாப்பைக் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் திருப்பினாள், எனக்குத் திரை தெரியாதபடி.